பெயரை எங்கே வெட்டுவது?

கேள்வி: தோட்டத்துப் பள்ளியின் பழைய மாணவர் பட்டியலை ஆர் மொழியில் ஏற்றியிருக்கிறேன். பெயரையும் தந்தை பெயரையும் இடைவெளியில் பிரிக்கலாமா? (வாசகர், ஜாசின், மலாக்கா)

பதில்: வேண்டாம். 'முத்து குமார் ஏ/எல் ராமன்' நான்கு துண்டாகும், 'குமார் ஏ/எல் ராமன்' மூன்றாகும். தந்தை பெயர் எத்தனையாவது துண்டு என்று நிரல் எப்படி அறியும்? நம்பத்தக்க எல்லை, மகன், மகள் என்று குறிக்கும் ஏ/எல், ஏ/பி தான். ஸ்டிரிங் பிரிக்கும் கட்டளைக்கு அவற்றையே, இருபுற இடைவெளியோடு, கொடுங்கள். வெறும் சாய்கோட்டைக் கொடுத்தால் 'ஏ' முன்னாலும் 'எல்' பின்னாலும் ஒட்டிக்கொண்டு நிற்கும். சிலர் எஸ்/ஓ, டி/ஓ என்று எழுதியிருப்பார்களே என்பீர்கள். உண்மைதான், அவற்றையும் அதே வடிவத்தில் சேர்த்துவிடலாம். எதுவுமே இல்லாத பெயர் வெட்டுப்படாமல் முழுசாக வரும், அதைக் கண்ணால்தான் பார்த்தாக வேண்டும். பட்டியலில் மைகாட் அடையாள அட்டை எண்ணும் இருந்தால், அதற்கு இந்தத் தொல்லை கிடையாது: 12 இலக்கங்களும் இடம் மாறாதவை. முதல் ஆறு பிறந்த தேதி. ஏழும் எட்டும் பிறந்த மாநிலம், மலாக்காவுக்கு 04. இடத்தைச் சொல்லி நறுக்கினாலே போதும். ஆனால் எண்ணாக ஏற்றாமல் எழுத்தாக ஏற்றுங்கள். இல்லையேல் 2000 முதல் 2009 வரை பிறந்த பிள்ளைகளின் முன்சுழியம் காணாமல் போய், எல்லா இடமும் நகர்ந்துவிடும்.