கேள்வி-பதில்: கட்டாமலே கிடைத்த இன்சுலின்

கேள்வி: அம்மா தினமும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்கிறார். அதையே மாத்திரையாக விழுங்கக் கூடாதா? (வாசகி, காரைக்குடி)

பதில்: விழுங்கலாம், பலன் இருக்காது. இட்லியில் உள்ள உளுந்தும் இன்சுலினும் குடலுக்கு ஒன்றுதான், இரண்டும் புரதம். 51 அமினோ அமிலங்கள் கோத்த இன்சுலினை இரைப்பையில் பெப்சின் நறுக்கும், சிறுகுடலில் டிரிப்சினும் கைமோடிரிப்சினும் மிச்சத்தை முடிக்கும். அம்மா சாப்பிட்டது உலகிலேயே விலை கூடின உளுந்தாக இருக்கும்.

இந்த டிரிப்சினை வைத்து ஒரு கட்டுக்கதை உலவுகிறது. நாயின் கணைய நாளத்தைக் கட்டியதால்தான் இன்சுலின் கிடைத்ததாம். செரிமான நொதிகள் கணையத்திலேயே இன்சுலினைத் தின்றுவிடும் என்று, இன்சுலினைத் தேடிய மருத்துவர் பான்டிங் பயந்தது உண்மை. 1921 கோடையில் டொரன்டோவில் அவரும் உதவியாளர் பெஸ்ட்டும் நாளத்தைக் கட்டிவிட்டு, நொதி சுரக்கும் திசு சுருங்கட்டும் என வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். வீண் காவல்! கணையத்துக்குள் டிரிப்சின் தூங்குகிறது. அதை எழுப்புகிற என்டரோகைனேஸ் இருப்பது சிறுகுடலில். ரஷ்யாவில் பாவ்லோவின் ஆய்வகம் இதை 1899-லேயே கண்டுகொண்டது. 1921 டிசம்பரில் பான்டிங்கும் பெஸ்ட்டும் இறைச்சிக்கூடத்து மாட்டுக் கணையத்தை முழுசாக எடுத்து ஆல்கஹாலில் சாறு இறக்கினார்கள். இன்சுலின் வந்தது. நாளமும் கட்டவில்லை, நாளும் எண்ணவில்லை.

1922 ஜனவரி 11 அன்று 14 வயது நீரிழிவு நோயாளி லியோனார்ட் தாம்ஸனுக்குப் போட்ட சாறு சரியாகப் பலிக்கவில்லை. குழுவில் இருந்த உயிர்வேதியியலாளர் ஜேம்ஸ் காலிப் ஆல்கஹாலின் அளவைக் கூட்டிக்கூட்டிச் சுத்தம் செய்து தந்ததை 23-ஆம் தேதி போட்டார்கள், பையன் தேறினான். காலிப் பெயரை விட்டுவிட்டு இன்சுலின் கதை சொல்கிற எந்தப் பாடப்புத்தகத்தையும் நான் ஏற்க மாட்டேன்.

கேள்வி: செமாகுளூட்டைட் மட்டும் மாத்திரையாக வந்துவிட்டதே? (வாசகர், ஓசூர்)

பதில்: அந்த நீரிழிவு மருந்தும் பெப்டைடுதான், அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. 2019-இல் அமெரிக்கா அனுமதித்தது. கூடவே சேர்த்த ஒரு துணைப்பொருள் மாத்திரையைச் சுற்றி அமிலத்தைக் குறைக்கும், பெப்சின் சோர்ந்துபோகும், டிரிப்சினிடம் போகுமுன் இரைப்பையிலேயே கொஞ்சம் ரத்தத்தில் கலக்கும். கொஞ்சம் என்றால், நூற்றில் ஏறக்குறைய ஒரு பங்கு! அதனால்தான் வாரம் ஒரு ஊசிக்கு 1 மில்லிகிராம் போதும் என்றால், 2019-இல் வந்த மாத்திரை தினமும் 14 மில்லிகிராம் வரை போகிறது. வெறும் வயிற்றில், அரை டம்ளர் தண்ணீருக்கு மேல் கூடாது, பிறகு அரை மணி நேரம் காபியும் கூடாது. கும்பகோணத்துக்காரர்களுக்கு மருந்தைவிட இது கஷ்டம்.

கேள்வி: பான்டிங் படம் வரைவாராமே? (வாசகர், பாளையங்கோட்டை)

பதில்: நன்றாகவே வரைவார். ஓவியர் ஏ.ஒய். ஜாக்சனோடு 1927-இல் ஆர்க்டிக் வரை போய்ப் பனியை வரைந்தார். 1923 நோபல் பான்டிங்குக்கும், அவருக்கு ஆய்வகம் தந்த பேராசிரியர் மக்லியோடுக்கும் கிடைத்தது. தன் பணத்தில் பாதியைப் பான்டிங் பெஸ்ட்டுக்குக் கொடுத்தார். மக்லியோடு யாருக்குப் பாதி கொடுத்தார் தெரியுமா? காலிப்புக்கு.