நாலே கன்றுகளின் வாரிசுகள்

கேள்வி: எங்கள் பக்கம் எங்கு பார்த்தாலும் செம்பனைதான். ஆப்பிரிக்காவில் பிறந்த இந்த மரம் இங்கே தோட்டத்துக்குத் தோட்டம் ஒரே சாயலில் இருக்கிறதே, ஏன்?
– வாசகர், ஜெஞ்சாரோம்

பதில்: பாதிக் காரணம் தற்செயல். 1848-ல் ஜாவாவின் போகோர் தாவரவியல் பூங்காவில் நடப்பட்டவை நாலே கன்றுகள். அவற்றின் வழிவந்த விதைகள் சுமத்ராவின் டெலி வட்டாரம் சென்று, பிறகு மலாயா வந்தன. 1917-ல் கோலசிலாங்கூரின் டென்னமாராம் தோட்டத்தில் வணிக நடவு தொடங்கியது.

ஆப்பிரிக்க மரங்களில் இருந்த எத்தனையோ மரபணு வகைகளில், அந்த நாலுக்குள் அகப்பட்டவை மட்டுமே கடல் கடந்தன. விடுபட்டவை மட்டமானவை அல்ல. கப்பல் ஏறவில்லை, அவ்வளவுதான். சிறு கூட்டத்தின் மரபை இப்படித் தற்செயல் தீர்மானிப்பதே மரபியல் நகர்வு. அதன்மேல், நல்ல மகசூல் மரங்களாகவே மனிதர் பொறுக்கி எடுத்ததும் சேர்ந்துகொண்டது.

இதற்கு மாறாக, வெளியிலிருந்து புது மரபணு வந்து கலப்பது மரபணு ஓட்டம். அதுவும் இங்கே நடந்தது. பழத்தை வெட்டிப் பாருங்கள்: பழைய டூரா வகையில் கொட்டையின் ஓடு தடித்திருக்கும். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த, ஓடில்லாத பிசிபெராவுடன் சேர்த்ததும் ஓடு மெலிந்து, எண்ணெய்ச் சதை கூடிய தெனெரா கிடைத்தது. இன்று தோட்டங்களில் நிற்பது பெரும்பாலும் அதுதான்.

ஒரே சாயலில் ஆபத்தும் உண்டு. ஒரு மரத்தைச் சாய்க்கும் நோய் எல்லாவற்றையும் சாய்க்கலாம். அதனால்தான் 1973-ல் மலேசிய ஆய்வாளர்கள் நைஜீரியா சென்று விதை திரட்டினார்கள். விட்டுப்போன மரபை அவர்கள் தேடிக் கொண்டுவர வேண்டியிருந்தது.