த்ரெட் பிறகு, நேரக் கணக்கு முதலில்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

விக்கிரமங்கலத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் டிஸ்க் சோதனை முடிய அரை நாள் ஆகிறது, அதனால் எஃப்எஸ்சிகே நிரலையே பல த்ரெட்களாக உடைத்து எழுதப்போகிறேன் என்கிறாய். ஆசை நல்லதுதான். ஆனால் நேரம் எங்கே போகிறது என்று பார்த்தாயா?

அந்த நிரல் செய்வது ஒருவகை ஜமாபந்தி. கிராமக் கணக்குகளை ஒன்றோடொன்று ஒத்துப்பார்ப்பதுபோல, ஒவ்வொரு ஐநோடையும், அதாவது ஒவ்வொரு கோப்புக்கும் உள்ள குறிப்புப் பதிவையும், படித்து, ஒரே பிளாக்குக்கு இரண்டு கோப்புகள் உரிமை கொண்டாடுகின்றனவா என்று பார்க்கிறது. லினக்ஸின் எக்ஸ்ட் வகைக் கோப்பு முறைக்கு மொத்தம் ஐந்து கட்டங்கள். பெரும்பாலும் முதல் கட்டம்தான் நேரத்தைத் தின்னும்.

உன்னுடையது சுழலும் டிஸ்க் என்றால் த்ரெட்டால் பெரிய பலன் இராது. நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவிநாடி. சிதறிக் கிடப்பதைத் தேடித்தேடிப் படித்தால் விநாடிக்கு நூறு தடவை படிப்பதே பெரிது. சிபியு சும்மா காத்துக்கிடக்கும். எக்ஸ்ட்3-இல் கோப்பின் தரவு எங்கே என்று சொல்லும் மறைமுக பிளாக்குகள் தரவுக்கு நடுவே கிடந்ததுதான் வினை. 2013-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவற்றை ஓரிடத்தில் குவித்தார்கள். சோதனை ஏறக்குறைய டிஸ்க்கின் முழு வேகத்தில் ஓடியது. கவனி, நிரலை மட்டுமல்ல, கோப்பு முறையின் அமைப்பையே மாற்றினார்கள். எக்ஸ்ட்4 வேறு வழியில் போனது: இன்னும் பயன்படுத்தாத ஐநோடு அட்டவணைப் பகுதிகளைக் குறித்துவைத்து, படிக்காமலே தாண்டுகிறது. அந்தக் குறிப்பு கெட்டுவிட்டால் காட்டிக்கொடுக்க செக்சம் உண்டு. அந்தக் காவல் இல்லாமல் தாண்டுவதற்குச் சோதனை என்று பெயர் வைக்கவே கூடாது.

எஸ்எஸ்டி என்றால் கதை வேறு. 2021-இல் டேவிட் டொமிங்கோவும் சுதர்சுன் கண்ணனும் வெளியிட்ட பிஎஃப்எஸ்சிகே, நீ நினைக்கிற அதே வேலையை ஐநோடு அளவில் பிரித்துச் செய்து, வழக்கமான நிரலைவிட 2.6 மடங்கு வரை வேகம் கண்டது. பொதுவான அட்டவணைகளை எல்லா த்ரெட்களும் ஒரே நேரத்தில் தொடாமல் காப்பதில்தான் அவர்களுக்குப் பாதிப் பாடு.

வீட்டு டிஸ்க்கில் நேராகக் கைவைக்காதே. அக்காவின் கல்யாண போட்டோக்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. ஈ2இமேஜ் கொண்டு மெட்டாடேட்டாவை மட்டும் ஒரு கோப்பாக எடுத்து, பழைய நிரலும் உன் நிரலும் அதில் ஒரே பிழைகளைச் சொல்கின்றனவா என்று பார். நேரத்தை மட்டும் அசல் டிஸ்க்கிலேயே, எதையும் எழுதாத முறையில் ஓட்டி அள. ஒவ்வொரு கட்டத்தின் நேரத்தையும், கேட்டால், பழைய நிரலே அச்சிடும். அந்தக் கணக்கையும் டிஸ்க் எந்த வகை என்பதையும் எழுதி அனுப்பு. த்ரெட்டைப் பற்றி அப்புறம் பேசுவோம்.

அன்புடன்,
மாமா