உயிரணுவுக்குள் ஒரு கடிகாரம்

ஜவ்வாது மலையில் சாமை முற்றும் காலத்தில், காட்டுப்பன்றிக்குக் காவலாக என் தந்தையார் இரவெல்லாம் பரணில் விழித்திருப்பார். விடிந்து வீடு வந்து படுத்தாலும் உறக்கம் வராது. "பகலில் தூங்கிப் பழகிக்கொள்ளக் கூடாதா, அப்பா?" என்று கடிந்திருக்கிறேன். அது பழக்கத்தால் மட்டும் ஆவதன்று எனப் பிறகே படித்தறிந்தேன்.

நம் உயிரணுக்களில் பீரியட் எனும் மரபணு உண்டு. அதன் செய்தியை ஆர்.என்.ஏ. உட்கருவுக்கு வெளியே கொண்டுவர, அங்கே பெர் எனும் புரதம் உருவாகிறது. ஆனால் அது விரைவில் குவிந்துவிடுவதில்லை. உண்டாக உண்டாக ஒரு பகுதியை உயிரணுவே சிதைத்துக்கொண்டிருக்கிறது. இந்தத் தாமதந்தான் கடிகாரத்தின் உயிர்நாடி. போதிய அளவு சேர்ந்ததும் பெர், கிரை எனும் துணைப் புரதத்துடன் உட்கருவுக்குள் நுழைந்து, தன்னைப் பிறப்பித்த மரபணுவையே அடக்குகிறது. பின்னர் புரதம் சிதைந்து குறைய, மரபணு மீண்டும் விழிக்கிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 24 மணி. இம்மரபணு பழுதுற்ற பழ ஈக்களைக் கொனோப்காவும் பென்சரும் 1971-இல் கண்டனர்: சிலவற்றுக்கு நாள் 19 மணி, சிலவற்றுக்கு 28, வேறு சிலவற்றுக்கு நாளே இல்லை! இந்த இயக்கத்தை விளக்கிய ஹால், ராஸ்பாஷ், யங் மூவரும் 2017-இல் நோபல் பரிசு பெற்றனர்.

கடிகாரம் உள்ளே ஓடினாலும் அதைத் திருத்துவது வெளியுலகம். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன் குழுவினர், இருட்குகையில் கூண்டிலிட்ட வௌவால், வெளியே போய்வரும் தன் இனத்தின் நேரத்துக்கே இசைந்து இயங்குவதை 1981-இல் வெளியிட்டனர். மனிதருக்கோ ஒளியே முதன்மை. கண்வழி மூளைக்கு எட்டும் ஒளி பெர் மரபணுவைத் தூண்டும். பரணிலிருந்து இறங்கி வெயிலில் நடந்து வருபவரின் கடிகாரம் அன்றாடம் பகலுக்கே திருப்பப்படுகிறது.

இவ்வாண்டு சன்னலுக்குச் சாக்குத் தொங்கவிட்டேன். தந்தையார் பத்து மணி வரை உறங்கினார்.