சுவிஸில் நோயாளர் விருப்ப ஆவணம் எழுதுவது எப்படி?

சுயமாக முடிவெடுக்கும் ஆற்றலை இழந்தபின் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதை முன்கூட்டியே எழுதிவைப்பது நோயாளர் விருப்ப ஆவணம். சுவிஸில் ஜெர்மன் பேசும் மாநிலங்களில் இதைப் பட்சியென்டன்ஃபெர்ஃபூகுங் என்பார்கள். 2013 ஜனவரி 1 முதல் சிவில் சட்டக்கோவையின் 370 முதல் 373 வரையான பிரிவுகள் இதற்கு நாடு முழுவதும் ஒரே சட்ட வலுவைத் தருகின்றன. சட்டத்துக்கு முரணாக இருந்தாலோ, எழுதியவரின் சுயவிருப்பம் அதுதானா என்ற நியாயமான ஐயம் எழுந்தாலோ தவிர, மருத்துவர் அதன்படி நடக்கக் கடமைப்பட்டவர்.

படிவத்தைத் தேடுமுன், அந்நிலையில் தன் சார்பில் முடிவெடுக்கும் பிரதிநிதி ஒருவரைத் தெரிவுசெய்ய வேண்டும். தமிழ்க் குடும்பங்களில் இது பெரும்பாலும் பேசப்படாமலே விடப்படுகிறது. மூத்த மகன் பார்த்துக்கொள்வார் என்ற நம்பிக்கையே காரணம். சட்டத்தில் மூத்த மகன் என்றொரு இடம் இல்லை. எவரும் நியமிக்கப்படாவிட்டால் 378ஆம் பிரிவின் வரிசை நடைமுறைக்கு வரும்: ஒரே வீட்டில் வாழும் அல்லது தவறாமல் துணைநிற்கும் வாழ்க்கைத்துணை, சேர்ந்து வாழ்ந்து கவனிப்பவர், அதன்பின் பிள்ளைகள், பெற்றோர், சகோதரர்கள். பிள்ளைகளும் தவறாமல் துணைநிற்பவர்களாக இருந்தால்தான் அந்த உரிமை அவர்களுக்கு உண்டு. அவர்களுக்குள் மூத்தவர், இளையவர் என்ற வேறுபாடும் இல்லை. கனடாவில் இருக்கும் மகனைவிட, பக்கத்துத் தெருவிலிருந்து தினமும் வந்துபோகும் மகளே பொருத்தமானவராக இருக்கலாம். யாரைத் தெரிவுசெய்தாலும் அவரிடம் முதலில் சம்மதம் கேட்க வேண்டும். அவரால் இயலாமல் போனால் பொறுப்பேற்க இன்னொருவரையும் குறிப்பிடலாம்.

அடுத்தது குடும்ப வைத்தியருடன் உரையாடல். இதயம் நின்றால் மீண்டும் இயக்க முயல்வதா, செயற்கைச் சுவாசம், குழாய்வழி உணவு, டயாலிசிஸ் ஆகியவை எந்த நிலைவரை ஏற்புடையவை, வலி தணிக்கும் மருந்தால் மயக்கம் கூடினாலும் பரவாயில்லையா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். ஜெர்மனில் தடுமாறும் பெற்றோருக்குப் பிள்ளையே மொழிபெயர்ப்பது வழக்கம். இந்த ஒரு விடயத்தில் அது நல்லதல்ல. கேட்கவே மனம் வராத சொற்களைப் பிள்ளை மென்மையாக்கிவிடக்கூடும். தொழில்முறை மொழிபெயர்ப்பாளரைக் கேட்பதே முறை.

சுவிஸ் மருத்துவர் சங்கமான எஃப்எம்ஹாவும் சுவிஸ் மருத்துவ அறிவியல் கழகமும் இணைந்து சுருக்கமான படிவம், விரிவான படிவம் என இரண்டைத் தருகின்றன. ப்ரோ செனெக்டூட்டேயின் டொகுபாஸ் என்ற தொகுப்பும் உண்டு. வெறும் கட்டங்களில் குறியிடுவது போதாது. “பேரப்பிள்ளைகளை அடையாளம் காண முடியாத நிலை நிரந்தரமாகிவிட்டால் உயிரை நீட்டிக்க வேண்டாம்” என்பதுபோல் சொந்த வார்த்தையில் எழுதிய நான்கு வரி, தீவிர சிகிச்சைப் பிரிவில் தடுமாறி நிற்கும் மருத்துவருக்குப் பெரிய உதவி. ஆவணத்தை அந்த மாநில மருத்துவமனைகளின் மொழியில் நிரப்பி, தமிழ்ப் பிரதி ஒன்றைக் குடும்பத்துக்கென வைத்திருப்பது நல்லது. உறுப்புதான விருப்பத்தையும் இதிலேயே குறிப்பிடலாம். தற்கொலைக்கு உதவுமாறு இதன்மூலம் கோர முடியாது. அதற்கு அந்த நேரத்திலேயே தெளிந்து முடிவெடுக்கும் ஆற்றல் இருக்க வேண்டும்.

எழுத்து வடிவம், தேதி, கையொப்பம் ஆகிய மூன்றும் இருந்தால் ஆவணம் செல்லும். சாட்சியோ நோட்டரியோ தேவையில்லை. பணம், வீடு, வங்கி ஆகியவற்றுக்கான ஃபோர்சோர்கே-அவுஃப்ட்ராக் எனும் முன்னேற்பாட்டு ஆணை வேறு ஆவணம்; அது முழுவதும் கைப்பட எழுதப்பட வேண்டும் அல்லது நோட்டரி முன் பதிவாக வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்வோர் பலர்.

ஒரு பிரதி பிரதிநிதியிடமும் இன்னொன்று குடும்ப வைத்தியரிடமும் இருக்க வேண்டும். ஆவணம் இருக்கும் இடத்தைக் காப்புறுதி அட்டையில் பதியச் சட்டம் இடமளிக்கிறது. பணப்பையில் சிறு குறிப்பும் வைக்கலாம். அவசர நேரத்தில் அலமாரிப் பூட்டைத் திறக்க ஆள் இருக்காது. சட்டத்தில் காலாவதி கிடையாது என்றாலும், பெரிய நோய் கண்டபோதும் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறையும் படித்துப் பார்த்து, புதிய தேதியிட்டு மீண்டும் கையொப்பமிடுவது மருத்துவரின் ஐயத்தைக் குறைக்கும். மனம் மாறினால் எழுத்தில் ரத்துச்செய்யலாம், கிழித்தும் விடலாம்.

எண்பதுகளில் அகதிகளாக வந்த தலைமுறை இப்போது முதுமையில் இருக்கிறது. இந்தப் பேச்சைத் தொடங்கப் பிள்ளைகள் தயங்குவார்கள். பெற்றோரே தொடங்கிவைக்க வேண்டும்.