இல்லத்திற் கண்ணாடி

மனையை அழகுசெய்யும் பொருள்களுள் கண்ணாடியைப்போல் ஒளி தருவது பிறிதில்லை; இடந்தவறி அமைப்பின் அதனைப்போல் வெப்பந் தருவதும் பிறிதில்லை. இதனை நம் வேலூர்ப் பக்கத்துப் பள்ளிகொண்டாவை வைத்தே ஆராய்வோம்.

பாலாற்றங்கரையிலுள்ள இவ்வூர் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 13 பாகையில் உளது. ஆதலின் ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்டு நடுவிலும் நண்பகற் கதிரவன் உச்சந்தலைக்கு நேரே நிற்பான். அவ்வேளையில் தெற்குச் சுவரும் வடக்குச் சுவரும் அதிக வெயில் ஏற்பதில்லை; சன்னலின்மேல் ஒரு சிறு மறைப்பிருப்பின் போதும். மேற்குச் சுவரின் நிலையோ வேறு. மாலை வெயில் சாய்ந்து நேரே உட்புகுமாதலின் எம்மறைப்பும் அதனை முற்றத் தடுப்பதன்று. கண்ணாடி வெயிலை உள்ளே விடும். அவ்வெயிலாற் சூடேறிய தரையும் சுவரும் வெளியிடும் வெப்பத்தையோ வெளியே போகவிடாது. மேற்கு முகமெல்லாம் கண்ணாடியாகக் கட்டி, உள்ளே திரையிட்டு, பகலில் மின்விளக்கேற்றி அமர்ந்திருப்போரைக் காண்கிறோம். பொருளுஞ் செலவாகி ஒளியும் இழந்தமை இதுவன்றோ!

நம் முன்னோர் கண்ணாடியைச் சிக்கனமாகக் கையாண்டனர். மங்களூரில் 1865-இல் பாசல் மிஷனார் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியபின் அவ்வகை ஓடு நம் நாடெங்கும் பரவிற்று. அவ்வடிவிலேயே வார்த்த கண்ணாடி ஓடொன்றை இடையே பதித்துவிட்டால் இருண்ட அடுக்களையும் துலங்கும். உச்சிவெயிலும் அவ்வழியே இறங்குமாதலின் ஓரறைக்கு ஒன்றிரண்டு போதும். கூரையையே கண்ணாடியாக்குதல் கூடாது. செட்டிநாட்டு மாளிகைகளில் வாயிலின்மேல் வண்ணக் கண்ணாடி பதித்திருப்பதும் இம்முறையே: உயரத்தில், சிறிதாக.

அந்நாட்டின் ஆத்தங்குடித் தரைக்கல்லோ இன்னும் வியப்புடையது. கண்ணாடிப் பலகையின்மேல் அச்சிட்டு, வண்ணச் சிமெண்டுக் குழம்பை வார்த்து, அதன்மேல் மணலுஞ் சிமெண்டும் இட்டு அழுத்துவர். பின்னர் நீரில் ஊறவைப்பர். சூளை வேண்டுவதில்லை. கண்ணாடியைத் தொட்டிருந்த முகமே தரையின் முகமாகிறது. கண்ணாடி நீங்கிவிடினும் அதன் வழவழப்புக் கல்லில் நின்றுவிடுகிறது. வீட்டலங்காரத்திற் கண்ணாடி ஆற்றும் பணிகளுள் இதனையே நாம் முதலாவதாக வைப்போம்.

முகம்பார்க்குங் கண்ணாடியையும் ஒளிக்குத் துணையாக்கலாம். வடக்குச் சன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்டின் அறையின் இருள் மூலை வெளிச்சம் பெறும். மேற்குச் சன்னலுக்கு எதிரே மாட்டினாலோ கண் கூசுமேயன்றிப் பயனில்லை.

கதவுக்கும் மேசைக்கும் இடுங் கண்ணாடி பதப்படுத்தியதாக இருத்தல் வேண்டும். இளகுநிலையை அணுகச் சூடேற்றிக் காற்றால் விரைந்து குளிர்விப்பதால் அதன் மேற்பரப்பு இறுகி வலுப்பெறும். உடைந்தாலுங் கத்திபோன்ற சில்லுகளாகாது சிறு மணிகளாக உதிரும். ஆயினும் பதப்படுத்தியபின் அதனை அறுக்கவோ துளையிடவோ முயலின் முழுதும் நொறுங்கிவிடும். ஆகையால் கதவின் அளவையும் கைப்பிடித் துளையின் இடத்தையும் முன்னரே அளந்து கடைக்காரரிடங் கொடுத்துவிடல் வேண்டும்.