சூரிய வெந்நீர் சாதனமும் நம் ஊர்த் தண்ணீரும்

பருப்பு வரத்து, மிளகாய் விலை, வரி விவரம் என்றே எழுதிப் பழகிய நாம் இம்முறை மண்டியை விட்டு வீட்டு மொட்டை மாடிக்கு ஏறியிருக்கிறோம். காரணம் உண்டு. சூரிய வெந்நீர் சாதனம் வாங்கலாமா என்று வேலூரிலும் ஆம்பூரிலும் கடை வைத்திருக்கும் நண்பர்கள் பலர் நம்மிடம் கேட்கிறார்கள். எல்லோரும் விலையைக் கேட்கிறார்கள், கம்பெனியைக் கேட்கிறார்கள். தம் வீட்டுத் தண்ணீரைப் பற்றி மட்டும் ஒருவரும் பேசுவதில்லை.

நாமும் 2011-ல் அப்படித்தான் வாங்கினோம். மூன்றாவது வருஷம் தொட்டியின் அடியில் தண்ணீர் சொட்டத் தொடங்கியது. விற்றவரிடம் போனோம். அவர் கியாரண்டி அட்டையைத் திருப்பி, பின்பக்கத்துச் சிறு எழுத்தைக் காட்டினார். உப்புத் தண்ணீருக்குக் கியாரண்டி இல்லை என்று அதில் அச்சாகியிருந்தது. ஒரு மூட்டை துவரம் பருப்பைக் குத்தூசி போட்டு மாதிரி பார்க்காமல் வாங்காத நாம், அந்த அட்டையைப் படிக்காமல் பணம் கட்டியிருந்தோம்! அந்த நஷ்டம் நமக்குக் கற்றுக் கொடுத்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

முதலில் இந்தச் சாதனம் வேலை செய்யும் விதம். பித்தளை அண்டாவில் தண்ணீர் நிரப்பி முற்றத்து வெயிலில் வைத்து, குழந்தைகளைக் குளிப்பாட்டுவது நம் வீடுகளில் பழைய வழக்கம். வெயில் சூடாக்கும் என்பது யாருக்கும் தெரியாததல்ல. அந்தச் சூட்டை மறுநாள் விடியற்காலை வரை எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் கேள்வி. 1891-ல் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்துக் கிளாரன்ஸ் கெம்ப் என்பவர், கறுப்பு வர்ணம் பூசிய தொட்டிகளைக் கண்ணாடி மூடிய பெட்டியில் வைத்து விற்பனைக்குக் கொண்டு வந்தார். பகலில் நன்றாகச் சுட்டது. இரவில் தொட்டியும் வெளியிலேயே கிடந்ததால் ஆறிப் போயிற்று. 1909-ல் கலிபோர்னியாவில் வில்லியம் பெய்லி, சூடேறும் குழாய்களைத் தனியாகவும், சூடான தண்ணீரைச் சேமிக்கும் தொட்டியைத் தனியாகவும் பிரித்து, தொட்டிக்குக் கனமான உறை போட்டார். இன்று நம் மாடிகளில் இருப்பதெல்லாம் அந்த ஏற்பாட்டின் வாரிசுதான்.

இதில் மோட்டார் கிடையாது. தண்ணீர் தானே சுற்றுகிறது. எண்ணெய் தண்ணீரில் மிதப்பது போல, சூடான தண்ணீர் குளிர்ந்த தண்ணீரைவிட இலேசாகி மேலே ஏறும். ஆகவே தொட்டியை மேலேயும் சூடேறும் பாகத்தைக் கீழேயும் வைக்கிறார்கள். வெயில் பட்டதும் கீழேயுள்ள தண்ணீர் சுட்டுத் தொட்டிக்கு ஏறும். தொட்டியின் அடியிலுள்ள குளிர்ந்த தண்ணீர் அந்த இடத்துக்கு இறங்கும். சாயங்காலம் வரை இந்தச் சுற்று நடக்கும். இரவில் வெந்நீர் கீழே இறங்க வழியில்லை; தொட்டியைச் சுற்றி இரண்டு அங்குல அளவுக்குப் பஞ்சு போன்ற ரசாயன நுரை அடைத்திருப்பதால் விடியும்போது சில டிகிரிதான் குறைந்திருக்கும். கடை திறக்க நாலரை மணிக்கே எழும் நமக்கு இதுதான் முக்கியம்.

கணக்குப் பார்ப்போம். 100 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டு போக சுமார் 4 யூனிட் மின்சாரம் வேண்டும். அதாவது 2,000 வாட் கீசர் இரண்டு மணி நேரம் ஓடுவதற்குச் சமம். நம் பக்கத்தில் ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு நாளைக்கு விழும் வெயில், சராசரியாக 5 யூனிட் அளவு சக்தி உடையது. 2 சதுர மீட்டரில் 10 யூனிட். அதில் பாதியைப் பிடித்தாலும் 100 லிட்டருக்குப் போதும். 60 டிகிரி தண்ணீரை அப்படியே யாரும் குளிப்பதில்லை. குளிர்ந்த தண்ணீர் கலந்து 40 டிகிரியாக்கினால் அந்த 100 லிட்டர் 230 லிட்டருக்கு மேல் ஆகிவிடும். நாலைந்து பேர் உள்ள குடும்பத்துக்கு இது தாராளம். 200 லிட்டர் சாதனத்தை நம் தலையில் கட்ட வருபவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்.

சந்தையில் இரண்டு வகை கிடைக்கிறது. ஒன்று தட்டை வகை. கண்ணாடி மூடிய பெட்டிக்குள் கறுப்புப் பூச்சுள்ள செம்புத் தகடும், அதோடு ஒட்டிய மெல்லிய செம்புக் குழாய்களும் இருக்கும். இதற்கு ஐ.எஸ். 12933 என்ற இந்தியத் தர நிர்ணயம் உண்டு. மற்றொன்று கண்ணாடிக் குழாய் வகை. ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே காற்று உறிஞ்சப்பட்ட வெற்றிடம். நம் கடைப் பையன் டீ வாங்கி வரும் பிளாஸ்க்கேதான், உள்ளே மட்டும் கறுப்புப் பூச்சு. குழாயின் அடி நுனியில் வெள்ளி போல் பளபளக்கும் பூச்சு இருக்கும். அது வெளுத்துப் போயிருந்தால் வெற்றிடம் போய்விட்டது என்று அர்த்தம். அந்தக் குழாயை வாங்க வேண்டாம்.

இரண்டில் எது நல்லது? இந்தக் கேள்விக்குப் பதில் வெயிலில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது. வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டியுள்ள ஊர்களின் நிலத்தடி நீர் எப்படிப்பட்டது என்பது இங்கே சமையல் செய்யும் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்புப் போட்டு வைப்பார்கள். தொழிற்சாலையில் ஊற வைக்கும்போது அந்த உப்பெல்லாம் கழுவப்பட்டுத் தண்ணீரில் சேரும். பல வருஷங்கள் அந்தத் தண்ணீர் போய்ச் சேர்ந்தது ஆற்றிலும் வயலிலும்தான். வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1996 ஆகஸ்டு 28-ல் அளித்த தீர்ப்பில், இந்தப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனதாகக் குறிப்பிடப்பட்டது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்றும் அத்தீர்ப்பு சொன்னது. தோல் தொழிலைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆம்பூரில் சம்பள நாளுக்கு மறுநாள் நம் கல்லாப்பெட்டி நிரம்புவது அந்தத் தொழிலால்தான். ஆனால் மண்ணில் இறங்கிய உப்பு சீக்கிரத்தில் போவதில்லை. அதுதான் நம் மாடித் தொட்டிக்கும் ஏறி வருகிறது.

இங்கே இரண்டு வேறு சங்கதிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று கடினத் தன்மை. தண்ணீரில் கரைந்துள்ள சுண்ணாம்புச் சத்து, சூடு ஏற ஏறப் பிரிந்து வெள்ளைப் படிவமாக ஒட்டிக் கொள்ளும். வெந்நீர்ப் பானையின் உள்ளே படியும் அதே பொருள். தட்டை வகையின் மெல்லிய செம்புக் குழாயில் இது படிந்தால், சுற்று நின்று தண்ணீர் சுடாமல் போகும். பெட்டியைப் பிரித்துச் சுத்தம் செய்வதும் எளிதல்ல. கண்ணாடிக் குழாய் அகலமானது. படிவம் உதிர்ந்து அடியில் தங்கும். குழாயைக் கழற்றிக் கொட்டிவிடலாம், ஒன்று உடைந்தால் அதை மட்டும் மாற்றலாம். ஆகவே கடினத் தண்ணீருக்குக் கண்ணாடிக் குழாயே நம் சிபாரிசு. செம்பு வகைதான் வேண்டும் என்பவர்கள், நல்ல தண்ணீர் ஒரு தனிச் சுற்றில் ஓடி, தொட்டித் தண்ணீரை வெளியிலிருந்து சூடாக்கும் அமைப்பைக் கேட்டு வாங்கலாம். விலை கூடுதல்.

இரண்டாவது சங்கதி உப்பு. நம் தொட்டி ஒழுகியது இதனால்தான். துருப்பிடிக்காத எஃகு என்று பெயரே தவிர, அதன் மேலுள்ள மெல்லிய காப்புப் படலத்தை உப்பிலுள்ள குளோரைடு துளைத்துவிடும். தண்ணீர் சூடாக இருந்தால் வேகம் அதிகம். வெல்டிங் வைத்த இடம் முதலில் போகும். ஊசி முனை அளவு ஓட்டைதான், ஆனால் அதை அடைக்க முடியாது. பொதுவாக விற்கும் தொட்டி 304 என்ற ரகம். 316 என்ற ரகத்தில் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்பை அதிகம் தாங்கும். உள்ளே பீங்கான் போன்ற பூச்சுக் கொடுத்த இரும்புத் தொட்டிகளும் உண்டு. அவற்றில் ஒரு மக்னீசியத் தண்டு இருக்கும். இரும்புக்குப் பதிலாக அது கரைந்து தொட்டியைக் காப்பாற்றும். அந்தத் தண்டு தீர்ந்ததும் மாற்ற வேண்டும் என்பதைப் பெரும்பாலான விற்பனையாளர்கள் வாயைத் திறந்து சொல்வதில்லை.

தண்ணீரை மென்மையாக்கும் கருவி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு பேச்சு உண்டு. அது சுண்ணாம்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தை வைக்கும். படிவம் குறையும், உப்பு குறையாது. குழாயில் காந்தம் மாட்டினால் போதும் என்று வருகிறவர்களுக்கு நாம் காசு கொடுக்கத் தயாரில்லை.

ஆகவே முதல் செலவு தண்ணீர்ச் சோதனை. குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். தாளில் மூன்று எண்களைப் பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தரத்தில், வேறு வழியில்லாதபோது அனுமதிக்கும் உச்ச அளவு லிட்டருக்குக் கரைந்த உப்பு 2,000 மில்லிகிராம், கடினத் தன்மை 600, குளோரைடு 1,000. நம் வீட்டு ஆழ்குழாயில் கரைந்த உப்பு 2,300 இருந்தது. முதல் சாதனம் வாங்கும்போது இந்தத் தாள் கையில் இருந்திருந்தால் 304 தொட்டியைத் தொட்டே இருக்க மாட்டோம். தாளின் நகலை விற்பவரிடம் கொடுத்து, 'இந்தத் தண்ணீருக்குக் கியாரண்டி உண்டு' என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் அடுத்த கடைக்குப் போகலாம்.

காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் வீடுகளில் வேறு வழியும் இருக்கிறது. 2016-ல் இரண்டாவது சாதனம் வைத்தபோது, மாடியில் காவிரித் தண்ணீருக்கென்று 500 லிட்டர் தொட்டி ஒன்றைத் தனியாக வைத்து, அதிலிருந்து மட்டும் சாதனத்துக்கு இணைப்புக் கொடுத்தோம். ஆழ்குழாய்த் தண்ணீர் கலப்பதற்கு மட்டும். அன்றிலிருந்து தொட்டியில் ஒரு சொட்டுக் கசிவு இல்லை.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை சில. குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியின் அடிப்பாகம் சாதனத்தின் தொட்டியைவிட உயரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நிரம்பாது. தெற்கு நோக்கிச் சாய்த்து வைக்க வேண்டும். மார்கழி, தையில் சூரியன் தாழ்ந்து போவதால் சாய்வு நம் ஊருக்கு 20 டிகிரிக்கு மேல் இருப்பது நல்லது. கான்கிரீட் தளம் தாங்கும். கிடங்கின் தகரக் கூரையிலோ ஓட்டிலோ ஏற்ற வேண்டாம். குளியலறைக்குப் போகும் குழாய் குட்டையாகவும் உறை போட்டதாகவும் இருக்கட்டும். கீழே கடை, மேலே வீடு, பின்னால் குளியலறை என்று நீளும் நம் கட்டடங்களில் குழாயில் நிற்கும் தண்ணீரே ஒரு வாளி வீணாகும்.

தொட்டியின் மேலே திறந்த காற்றுக் குழாய் ஒன்று நிற்கும். அதை யாரும் அடைக்கக் கூடாது. நமக்குத் தெரிந்த ஆம்பூர் பாய் ஒருவர் வீட்டில் அதிலிருந்து தண்ணீர் தெறிக்கிறது என்று வேலைக்கு வந்தவர் மூடி போட்டுவிட்டார். சில நாள் கழித்துத் தொட்டியைக் காலி செய்தபோது உள்ளே காற்று போக வழியில்லாமல் தொட்டி டப்பா போல் நசுங்கியது. "முதலாளி, நான் நல்லதுக்குத்தானே செஞ்சேன்" என்றாராம் அவர்!

மேகமூட்டமான நாட்களுக்காகத் தொட்டியில் மின்சாரக் காயில் வைத்துத் தருவார்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அது தேவைதான். ஆனால் இரவு முழுவதும் ஓட விட்டால், மறுநாள் வெயில் வரும்போது தண்ணீர் ஏற்கெனவே சுட்டிருக்கும். சூரியனுக்கு வேலை இருக்காது, பில் மட்டும் ஏறும். விடியற்காலையில் தொட்டுப் பார்த்து, வேண்டுமானால் அரை மணி போட்டால் போதும். சுவிட்ச் கீழ் வீட்டில் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

அக்னி நட்சத்திரத்தில் நிலைமை தலைகீழ். யாருக்கும் வெந்நீர் தேவையில்லை, தொட்டி கொதிக்கும். குழந்தைகள் உள்ள வீட்டில் இது ஆபத்து. குழாய்களில் பாதிக்கு மேல் சாக்குப் போட்டுக் கட்டிவிடுங்கள். சாக்குக்கு நம்மிடம் பஞ்சமில்லை. இன்னொன்று: உச்சி வெயிலில் தண்ணீரில்லாமல் காய்ந்து கிடக்கும் கண்ணாடிக் குழாயில் திடீரென்று தண்ணீர் விட்டால் வெடிக்கும். காலையிலோ சூரியன் மறைந்த பிறகோதான் நிரப்ப வேண்டும்.

படிவம் கழுவ குளியலறை ஆசிட்டை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தொட்டியையே தின்றுவிடும். நம் கடையில் விற்கும் எலுமிச்சை உப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துக் கண்ணாடிக் குழாய்களில் சில மணி நேரம் நிறுத்தி, நன்றாக அலசிக் கொட்டினாலே போதும். வருஷத்துக்கு ஒரு முறை, தைப் பொங்கலுக்கு வீடு வெள்ளையடிக்கும்போது நாம் இதைச் செய்கிறோம்.

கடைசியாக மானியம். வெந்நீர் சாதனத்துக்கு மத்திய அரசு கொடுத்து வந்த மானியம் 2014-ல் நின்றுவிட்டது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, அதற்கு மேல் அதிகபட்சம் 78,000 ரூபாய் என்று கொடுப்பது, வெயிலை மின்சாரமாக்கும் பலகைகளுக்கு. இரண்டும் வேறு சாதனங்கள். இரண்டையும் குழப்பி, "மானியம் பின்னால் வரும், இப்போது முழுப் பணம் கட்டுங்கள்" என்று வெந்நீர் சாதனத்தை விற்க வருகிறவரை வாசலோடு அனுப்பிவிடலாம்.